அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள். படிக்காமல் கட்டைவிரலை மட்டும் தட்டிவிட்டுப் போக வேண்டாம்.

விஷயம் இதுதான். ஏலச்சீட்டு, நகைச்சீட்டு, லட்சத்துக்கு மாதம் நாலாயிரம் வட்டி என்று ஊர்ப்பணத்தை வாங்கி ஏமாற்றிய ஒரு தகப்பன், தான் பெற்ற பிள்ளைகளைப் பார்க்கலாமா, கூடாதா? கூடாது என்று எழுதி, நம் சொந்தத்தில் 17 பேர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் போன வாரம் என் வீட்டுக்கு வந்தது. 18-ஆவதாக எனக்கு இடம் விட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளியும் வைத்திருந்தார்கள். 34 வருடம் பிள்ளைகளின் நோட்டில் நான் வைத்த புள்ளியை எனக்கே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். சிரிப்புத்தான் வந்தது. தாளைப் படித்து முடித்தபோது சிரிப்பு போய்விட்டது.

யார் வீட்டு விஷயம் என்று சொந்தக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. பெயர் எதுவும் எழுதப்போவதில்லை. பெண்ணுக்கு 9 வயது, பையனுக்கு 5. இரண்டு பேரும் ஒருநாள் வளர்ந்து இதைப் படிப்பார்கள் என்ற நினைப்போடுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. என் பணிக்கொடையில் 4 லட்சம் அவரிடம் போயிருக்கிறது. வழக்கு மதுரைச் சிறப்பு நீதிமன்றத்தில் நடக்கிறது, தீர்ப்பு வரட்டும். ஆனால் என் பணம் போனது எனக்குத் தெரிய தீர்ப்பு தேவையில்லை. என்னுடையது போகட்டும், ஓய்வூதியம் வருகிறது, கஞ்சிக்குக் குறைவில்லை. எங்கள் பள்ளியில் சத்துணவுக்கூடத்தில் வேலை பார்த்த அம்மா, மகள் கல்யாணத்துக்கென்று இருபது வருடம் சேர்த்ததைக் கொண்டுபோய்க் கட்டினார். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிய காசு அது. அந்தப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இப்படிப்பட்டவர்கள் பணத்தை எடுத்தவருக்குச் சட்டம் என்ன தண்டனை கொடுக்கிறதோ, அதில் ஒரு நாள்கூடக் குறைக்கச் சொல்லி நான் கேட்க மாட்டேன். தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் 1997-இலேயே வந்துவிட்டது. சொத்தை முடக்கலாம். பினாமி பெயரில் வாங்கியதையும் முடக்கலாம். பத்து வருடம் வரை உள்ளே வைக்கலாம். அதற்கென்றே தனி நீதிமன்றம், தனிப் போலீஸ் பிரிவு, முடக்கிய சொத்தை விற்றுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு அதிகாரி. எல்லாம் இருக்கிறது. அத்தனை கதவையும் தட்டுங்கள். நானும் உங்களோடு வந்து தட்டுகிறேன், புகார் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

ஆனால் அந்தத் தாள் தட்டும் கதவு வேறு. அது இரண்டு பிள்ளைகளின் கதவு.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் கைதாகி உள்ளே இருந்தார். பிறகு ஜாமீனில் வந்தார். திங்கட்கிழமைதோறும் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடுகிறார். பெற்றோர் வீட்டில் இருக்கிறார். மனைவி விவாகரத்துக்கு மனு போட்டிருக்கிறாள். அவள் எனக்கு மகள் முறை, என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய 45 பவுனும் அந்த நிறுவனத்தோடு போய்விட்டது. எதற்கு என்றே தெரியாமல் அவள் போட்டுக்கொடுத்த கையெழுத்துகளுக்காக, பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப்பிரிவு அலுவலகத்தில் காலையிலிருந்து சாயந்தரம் வரை உட்கார்ந்திருக்கிறாள். விவாகரத்து கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. கேட்காமல் இருந்தால்தான் நான் திட்டியிருப்பேன்.

அவர் குடும்ப நீதிமன்றத்தில் கேட்டிருப்பது ஒன்றுதான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, இரண்டிரண்டு மணி நேரம், பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு அழைத்துப் போகக் கேட்கவில்லை. பிள்ளைகளைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லவில்லை. 14 மாதமாக அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "தகப்பனின் நிழல் படுவதே குழந்தைகளின் எதிர்காலத்துக்குக் கேடு" என்று தாளில் எழுதியிருக்கிறீர்கள். யார் எழுதிய வசனம் இது? தமிழ் நன்றாக இருக்கிறது, விஷயம்தான் சரியில்லை.

உங்கள் பக்கத்து நியாயம் என்று என்னிடம் போனில் சொன்னவற்றை எடுத்துக்கொள்கிறேன். பெரிய மாமா சொன்னதிலிருந்து ஆரம்பிக்கலாம். "முதல்ல பணத்தை எடுத்து வைக்கட்டும்மா. அப்புறம் பிள்ளையப் பாக்கட்டும்."

மாமா, உங்கள் வயதுக்கு மரியாதை கொடுத்துத்தான் கேட்கிறேன். இதற்கு நம் ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. அடகு. வட்டிக்கடையில் நகையை வைப்பார்கள், பித்தளை அண்டாவை வைப்பார்கள். பிள்ளையை வைத்து நான் பார்த்ததில்லை. நகைக்குத் தான் அடகில் இருப்பது தெரியாது. பிள்ளைக்குத் தெரியும். நாளைக்கே அந்த மனிதர் எங்கிருந்தோ ஐந்து லட்சம் புரட்டிக் கொண்டுவந்து வைத்தால், "சரி, இந்தா இரண்டு சனிக்கிழமை" என்று கொடுப்பீர்களா? அப்படியானால் அவருடைய நிழல் கேடு என்று எழுதியது பொய். கொடுக்க மாட்டீர்கள் என்றால், பணத்தை எடுத்து வைக்கட்டும் என்பது பொய். இரண்டில் எது என்று முடிவு செய்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.

ஜீவனாம்சமும் அப்படித்தான். பிள்ளைகளின் செலவுக்கு அவர் பணம் கட்டியே ஆக வேண்டும். கட்டாவிட்டால் அதற்குத் தனி மனு, தனி வாரண்ட், பாக்கி வைத்தால் சிறை. அந்தக் கணக்கை அங்கே தீர்த்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் கட்டணம் கட்டாத பிள்ளையை வெயிலில் நிறுத்துவார்களே, அதைப் பார்த்து நாம் எத்தனை பேர் கொதித்திருக்கிறோம்? அப்பன் கட்டாததற்குப் பிள்ளையை ஏன் நிறுத்துகிறீர்கள் என்று நம் குடும்பத்திலேயே ஒருவர் தலைமையாசிரியரோடு சண்டை போட்டார். அவர் கையெழுத்தும் அந்தத் தாளில் ஏழாவதாக இருக்கிறது.

இரண்டாவது, சட்டம். தம்பி ஒருவன், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன்தான், இப்போது கோர்ட்டுக்குப் போய் வருகிறான், வாட்ஸ்அப்பில் ஒரு பாடமே எடுத்துவிட்டான். 1890-ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டத்தில், காப்பாளராக வருகிறவரின் நடத்தையைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறதாம். ஆகவே மோசடிக்காரர் பிள்ளையைப் பார்க்கக் கூடாதாம். கண்ணு, கேள்வியை இரண்டு தடவை படி என்று உனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்? நீ சொல்லும் 17-ஆம் பிரிவு, பிள்ளையையும் அதன் சொத்தையும் யார் பொறுப்பில் விடுவது என்ற கேள்விக்கு. அங்கே நடத்தையைப் பார்க்கத்தான் வேண்டும். ஊர்ப்பணத்தைத் தின்றவர் கையில் பிள்ளையின் பெயரில் இருக்கும் மனையைக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் நடக்காது. மைனர் பெயரில் இருக்கும் நிலத்தைப் பெற்ற தகப்பனே ஆனாலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது என்று 1956-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. பொறுப்பில் எடுப்பது வேறு, பார்த்துப் பேசிவிட்டுப் போவது வேறு. சாவியைக் கொடுக்காதே என்று சொல்கிற சட்டத்தைக் காட்டி, ஜன்னலையும் சாத்து என்கிறாய்.

சட்டத்தைப் பேசுவதானால் முழுதாகப் பேசுவோம். 2020-இல் உச்ச நீதிமன்றம் யஷிதா சாஹு வழக்கில் ஒரு தீர்ப்பு கொடுத்தது. தாய் தகப்பன் இரண்டு பேரின் பாசமும் கிடைப்பது குழந்தையின் மனித உரிமை என்று அதில் இருக்கிறது. ஒருவரிடம் பிள்ளை இருந்தால் மற்றவர் போதுமான அளவு பார்க்க வழி செய்ய வேண்டும். மிக மோசமான நிலைமையில் மட்டுமே அதை முழுதாக மறுக்கலாம், அப்படி மறுத்தால் என்ன காரணம் என்று எழுத வேண்டும். அதற்கு ரொம்ப முன்பே, 1992-இல், ஐக்கிய நாடுகள் சபையின் குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா ஏற்றுக்கொண்டது. பெற்றோரிடமிருந்து பிரிந்திருக்கும் பிள்ளைக்கு அவர்களைத் தொடர்ந்து பார்க்கும் உரிமை உண்டு, பிள்ளையின் நலனுக்கு விரோதமாக இருந்தால் ஒழிய, என்று அதன் ஒன்பதாவது பிரிவு சொல்கிறது. உரிமை யாருக்கு என்று எழுதியிருக்கிறது, பாருங்கள். பிள்ளைக்கு. நீங்கள் எல்லோரும் "அவனுக்கு என்ன உரிமை இருக்கு?" என்றே கேட்கிறீர்கள். அவருக்கு இருக்கிறதோ இல்லையோ, நான் அதற்காக ஒரு வரிகூட எழுத மாட்டேன். அந்த ஒன்பது வயதுப் பெண் யார் பணத்தைத் தின்றாள்? அவளுடையதை நாம் ஏன் பறிமுதல் செய்கிறோம்?

"வழக்கு முடியட்டும், நிரபராதின்னு வந்தா பாக்கட்டும்" என்று சித்தப்பா மகன் நியாயமாகப் பேசுவது போலப் பேசினான். திருப்பூர் பாசி ஃபாரெக்ஸ் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? 2008, 2009-இல் ஊரெல்லாம் பணம் கட்டினார்கள். கோவை நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது 2022-இல். இரண்டு பேருக்கு 27 வருடம் தண்டனை. தண்டனையைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. இடையில் போன வருடங்களைக் கணக்குப் போடுங்கள், பதின்மூன்று. ஐந்து வயதுப் பையன் பதினெட்டு ஆகிவிடுவான். பிறகு அவன் யாரை வேண்டுமானாலும் போய்ப் பார்ப்பான், நம் தாள் எதற்கு? வழக்கு முடியட்டும் என்பது, குழந்தைப் பருவம் முடியட்டும் என்பதுதான். தேதி போடாமல் சொல்கிறீர்கள்.

இன்னொன்று. கொலை செய்துவிட்டு ஆயுள் தண்டனையில் இருப்பவருடைய பிள்ளையும் மத்திய சிறைக்குப் போய் மனுப் போட்டு அப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, ரேங்க் கார்டில் என்ன மார்க் என்று சொல்லிவிட்டு வருகிறது. அரசாங்கம் அதைத் தடுக்கவில்லை. சிறை மதிலைவிட நம் வீட்டு வாசல்படி உயரமாகிவிட்டதா?

அடுத்தது, என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்த விஷயம். "பிள்ளைங்களே வேணாம்னு சொல்லுதுங்க" என்று எல்லோரும் சொல்கிறீர்கள். பெண் சொல்கிறாள்தான். நானே கேட்டேன். "எனக்கு அப்பா வேண்டாம், அவர் திருடன்" என்றாள்.

ஆசிரியர் பயிற்சி முடித்த எவருக்கும் தெரிந்த ஒன்று சொல்கிறேன். கல்வி அதிகாரி ஆய்வுக்கு வரும் நாளில் வகுப்பைப் பார்த்து, "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்பார். நாற்பது குரலும் ஒன்றாக, "புரிஞ்சுது ஐயா!" புரிந்ததா என்று அவர் கேட்ட கேள்வியே பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. டீச்சர் முகத்தைப் பார்க்கும், அது என்ன பதிலுக்காகக் காத்திருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும், அதைச் சொல்லிவிடும். பிள்ளைகளின் கெட்டிக்காரத்தனமே அதுதான். அவர்கள் வீட்டில் இப்போது எத்தனை டீச்சர்? தாத்தா, பாட்டி, மாமா, அத்தை. சோறு போடுகிற எல்லோருடைய முகத்திலும் ஒரே பதில் எழுதியிருக்கிறது. அம்மா அழுகிற வீட்டில், அப்பா வேண்டும் என்று ஒன்பது வயதுப் பெண் எப்படி வாய் திறப்பாள்? விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் கணக்கில் எடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. சரியானதுதான். அதற்காகத்தான் குடும்ப நீதிமன்றத்தில் நீதிபதி பெரியவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளையிடம் தனியாகப் பேசுகிறார், ஆலோசகர் பேசுகிறார். அவர்கள் கேட்கட்டும். நம் வீட்டுக் கூடத்தில், பதினைந்து பேருக்கு நடுவில் நிறுத்திக் கேட்டது விருப்பம் ஆகாது. அது ஒப்பித்தல்.

அவள் அந்தப் பதிலைச் சொல்லிவிட்டு என்ன செய்தாள் தெரியுமா? தன் கையைப் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்கு இடது கைப் பழக்கம். அப்பாவும் இடது கைக்காரர். நான் இதற்கு மேல் விளக்கவில்லை.

பழைய மாணவர்களில் சிலருக்குத் தெரிந்த ஒரு கதையையும் சொல்ல வேண்டும். கதைக்குச் சொந்தக்காரரிடம் போன வாரம் கேட்டு, எழுதுங்க டீச்சர் என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். தொண்ணூறுகளில் நான் நாலாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பையனின் அப்பா, தான் வேலை பார்த்த சங்கத்தின் பணத்தைக் கையாடிவிட்டு உள்ளே போய்விட்டார். ஊருக்கே தெரியும். பையனிடம் மட்டும் அப்பா துபாய்க்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தார்கள். கடிதம் எழுதும் பாடம் வந்தது. தந்தைக்குக் கடிதம், உறைமேல் முகவரி. எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கும்போது அவன் மட்டும் நோட்டைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தான். "டீச்சர், துபாய்ல தெரு பேரு என்ன எழுதுறது?" என்று கேட்டான். பின்வரிசையில் ஒரு பையன் சிரித்தான். அவ்வளவுதான், இவன் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டான். அதன்பிறகு அந்த வருடம் முழுக்க வாய் திறந்து ஒரு கேள்வி கேட்கவில்லை.

இப்போது அவருக்கு நாற்பதுக்கு மேல் வயது. சொந்தமாக ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். போனில் கேட்டேன், அப்பா செய்ததற்காக அவர் மேல் கோபமா தம்பி என்று. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "இல்ல டீச்சர். துபாய்ல இருக்கிற அப்பா ஒரு பேனாகூட அனுப்பலையேன்னு அஞ்சாறு வருஷம் அவர் மேல வெறியா இருந்தேன். பணம் எடுத்தது தெரிஞ்சப்போ நிம்மதியா இருந்துச்சு. ஓ, அதான் அனுப்பலையான்னு."

திருட்டை மறைத்து நல்ல அப்பாவைக் காப்பாற்றுகிறோம் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். பையனுக்குக் கிடைத்தது, தன்னை மறந்துபோன ஒரு அப்பா. இப்போது நீங்கள் அதையே வேறு விதமாகச் செய்யப் பார்க்கிறீர்கள். பார்க்க வராத அப்பனைப் பற்றிப் பிள்ளை என்ன நினைக்கும்? நாம் தாளில் கையெழுத்துப் போட்டுத் தடுத்தோம் என்றா அவர்களுக்குத் தெரியும்? வரவில்லை என்பதுதான் தெரியும்.

"அந்த ஆளு பிள்ளைங்களையும் ஏமாத்தக் கத்துக்கொடுத்துருவான்" என்பது மதுரையில் இருக்கும் அத்தையின் பயம். மாதத்தில் நாலு மணி நேரத்தில் ஒரு ஆள் மோசடி கற்றுக்கொடுக்க முடியும் என்றால், வருடத்துக்கு 200 நாளுக்கு மேல் நாங்கள் பள்ளிக்கூடத்தில் வைத்து நேர்மையைக் கற்றுக்கொடுத்தும் ஊரில் ஏன் இத்தனை பேர் இப்படி இருக்கிறீர்கள் அத்தை? விளையாட்டுக்குச் சொன்னேன். ஆனால் பிள்ளைகள் வேறொன்றைக் கவனிக்கிறார்கள். வங்கியில் கோடி கோடியாகக் கடன் வாங்கித் திருப்பிக் கட்டாதவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நம் சொந்தமே வேன் பிடித்துப் போனது. மொய் எழுத வரிசையில் நின்றோம். எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கே, மேலே இரண்டு மோசடி வழக்கு உள்ள ஒருவர் சிறப்பு விருந்தினராக வந்தார், பொன்னாடை போர்த்தினார்கள், பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னார்கள். ஜெயித்த மோசடிக்குப் பொன்னாடை, மாட்டிக்கொண்ட மோசடிக்குத் தாள். ஏமாற்றக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் பிள்ளைகள் இதிலிருந்தே கற்றுக்கொள்வார்கள். இரண்டு சனிக்கிழமை தேவையில்லை.

இனி என் மகள் முறைக்காரியைப் பற்றி. உங்கள் எல்லோரையும்விட அவள் பேச்சுக்குத்தான் நான் கட்டுப்படுவேன். கையெழுத்துப் போட வேண்டாம் என்றும் அவள் என்னிடம் சொல்லவில்லை, போடுங்கள் என்றும் சொல்லவில்லை. "அந்த முகத்தைப் பாக்க என்னால முடியாது பெரியம்மா" என்று மட்டும் சொன்னாள். அதில் ஒரு எழுத்தைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். அவள் பார்க்க வேண்டியதில்லை. பிள்ளைகள் அப்பாவைப் பார்க்க அம்மா அங்கே நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வேறொருவர் கூட்டிப்போகலாம், கூட்டி வரலாம். நீதிமன்ற வளாகத்திலேயே சந்திப்பை வைக்கும்படி கேட்கலாம். அவர் போன் நம்பர்கூட அவளுக்குத் தெரிய வேண்டாம். அவளுடைய வலிக்கு வழி செய்ய நாம் இருக்கிறோம். அதைச் செய்யாமல் அவளைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நம் பணத்துக்குப் பழி தீர்க்கிறோம்.

கண்ணை மூடிக்கொண்டு அனுப்பச் சொல்கிறேன் என்று யாரும் திரிக்க வேண்டாம். அடித்த தகப்பன், குடித்துவிட்டு வருகிற தகப்பன், பிள்ளையிடம் தவறாக நடக்கிற தகப்பன் என்றால் இந்தப் பதிவே வந்திருக்காது, தாளில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருந்திருக்கும். பண மோசடிக்காரரிடமும் பயப்பட வேண்டிய இடம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பார்க்க வந்த அப்பா பையனிடம் ரகசியமாக, அம்மாவின் செக் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். பையன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அம்மா நீதிமன்றத்தில் சொன்னார். அன்றிலிருந்து இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கச் சந்திப்பு நடந்தது. நிறுத்தவில்லை, பக்கத்தில் ஆள் போட்டார்கள். நாமும் அதைக் கேட்போம். பிள்ளை கையில் எந்தத் தாளும் கொடுக்கக் கூடாது, எதிலும் கையெழுத்து வாங்கக் கூடாது. அம்மாவுக்குச் சேதி சொல்லி அனுப்பக் கூடாது. புகாரை வாபஸ் வாங்கச் சொல் என்று ஒரு வார்த்தை வந்தாலும் அன்றோடு நீதிபதியிடம் போவோம். சைக்கிள், செல்போன் என்று விலை உயர்ந்த பரிசு கூடாது. அது யார் வீட்டுப் பணம் என்று எனக்கும் சத்துணவு அம்மாவுக்கும் தெரியும். ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் போதும். இதையெல்லாம் எழுதி ஒரு தாள் கொண்டுவாருங்கள், பென்சில் புள்ளி இல்லாமலேயே கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த மனிதரும் யார் மூலமாகவோ இதைப் படிப்பார் என்று தெரியும். உங்களுக்கும் சொல்கிறேன், மாப்பிள்ளை. நேரத்துக்கு வாருங்கள். வருகிறேன் என்று சொன்ன சனிக்கிழமை வராமல் இருந்தால், அதுதான் அந்தப் பிள்ளைகளிடம் நீங்கள் செய்யும் மோசடி, அதற்கு நான் உங்களை விட மாட்டேன். "நான் ஒரு தப்பும் செய்யல, எல்லாம் உங்க தாத்தா செஞ்ச சதி" என்று ஆரம்பிக்காதீர்கள். பெண் கேட்பாள், நிச்சயம் கேட்பாள். மற்றவர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போய்விட்டது, அதற்கு நீதிபதி முன்னால் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள். ஒன்பது வயதுக்கு அது புரியும். பையனோடு உட்கார்ந்து படம் வரையுங்கள். அவன் இப்போது எல்லாத் தாளிலும் லாரி வரைகிறான். உங்களுக்கு அது தெரியாது.

அவருடைய அப்பா அம்மாவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அந்தப் பெரியவர் பேரனுக்கு மொட்டை போட்ட அன்றைக்கு நடக்க முடியாத காலோடு இருக்கன்குடிக்கு வந்தவர். மகன் நடத்திய நிறுவனத்தில் அவருக்குப் பத்துப் பைசா பங்கு கிடையாது, அவருடைய ஓய்வூதியப் பணமும் அதிலேதான் போனது. 14 மாதமாக அவர்களும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கவில்லை. அவர்கள் மேல் எந்த வழக்கு? யாராவது சொல்லுங்கள்.

அடுத்த மாதம் வழக்கு விசாரணைக்கு வருகிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கூட்டி வர ஆள் வேண்டும் என்றால் நான் தயார் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள், யோசிக்கட்டும். சனிக்கிழமை எனக்கு வேலை எதுவும் இல்லை. டவுன் பஸ்ஸில் பொம்பளைகளுக்கு டிக்கெட்டும் கிடையாது, செலவுக் கணக்கு யாரும் கேட்க வேண்டாம். சந்திப்பு நடக்கும் இரண்டு மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். 34 வருடம் பரீட்சை ஹாலில் உட்கார்ந்தவள், என் கண்ணில் படாமல் ஒரு துண்டுச் சீட்டு கைமாறாது.

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் யாராவது வரலாம். என் இடம் காலியாகத்தான் இருக்கும். என்னைத் திட்ட நினைப்பவர்கள் கீழே தாராளமாகத் திட்டுங்கள், எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன். பிள்ளைகளின் பெயரையோ படிக்கும் பள்ளியையோ யாராவது எழுதினால் அதை மட்டும் உடனே நீக்கிவிடுவேன்.